நாலு காசும் ஒரு சைபரும்

வாஷிங்டன் போகிறவர்கள் வெள்ளை மாளிகை வேலிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது சம்பிரதாயம். நானும் எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடியபடி விழுந்திருக்கிறேன். அது போகட்டும். நான் சொல்ல வந்தது, அந்த ஊர்ப் பாட்டுக்காரர் ஒருவர் வாங்கிய சைபரைப் பற்றி.

2025 மார்ச் கடைசி. ஆபீஸ் செலவில் பத்து நாள் டிரெயினிங். நடுவில் கிடைத்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊரைச் சுற்றிக்காட்ட வந்தான் என் பழைய ஹாஸ்டல் ரூம்மேட். 2001-ல் மேல்படிப்புக்கு வந்தவன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டனிலேயே தங்கிவிட்டான்.

என் தோள்பையில் லேப்டாப். அதற்குள் ஒரு பாரம். அப்ரைசல்! எனக்குக் கீழே எட்டுப் பேர். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும். 'எட்டில் ஒருத்தருக்காவது ஒன்று போட்டே ஆகணும்' என்பது மேலிடத்து உத்தரவு. புதுசாகச் சேர்ந்த பையனுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். புதுசு, எதிர்த்துப் பேச மாட்டான். இதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

"ஊரைப் பார்க்க வந்தவன் எதுக்குடா லேப்டாப்பைத் தூக்கிட்டு அலையறே?" என்றான் நண்பன். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "சில்லறை வெச்சிருக்கியா?"

பாக்கெட்டைத் துழாவி உள்ளங்கையில் கொட்டினேன். அவன் நாலு காசைப் பொறுக்கி வரிசையாக வைத்தான். ஒரு சென்ட்டில் லிங்கன், ஐந்து சென்ட்டில் ஜெஃபர்சன், பத்து சென்ட்டில் ரூஸ்வெல்ட், குவார்ட்டரில் வாஷிங்டன். (குவார்ட்டர் என்றதும் முகம் மலர வேண்டாம். இது வெறும் 25 சென்ட்.)

"இந்த நாலு பேருக்கும் இந்த ஊர்ல மண்டபம் இருக்கு. நடந்தே பார்த்துடலாம். போற வழியில ஒரு கதை சொல்றேன்."

முதலில் லிங்கன். 1922-ல் கட்டி முடித்த மண்டபம். உள்ளே 19 அடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பழைய ஒரு சென்ட் காசின் பின்பக்கத்தில் இதே மண்டபம் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் தூண்களுக்கு நடுவே எறும்பு சைஸில் இன்னொரு லிங்கன்! ஒரே காசில் முன்னும் பின்னும் ஒரே ஆள். நம் ஊர் கட்-அவுட்காரர்களுக்குக்கூட இது தோன்றவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து நண்பன் கதையை ஆரம்பித்தான்.

சினிமாவையும் பெரிய கம்பெனிகளையும் நம்பாமல், சின்னச் சின்ன லேபிள்களில் பாட்டு போடுகிறவர்களை அங்கே 'இண்டி' என்பார்கள். வாஷிங்டனில் அப்படி ஒரு கோஷ்டி, 'தி டிஸ்மெம்பர்மென்ட் பிளான்'. பெயர்தான் போலீஸ் எஃப்.ஐ.ஆர். மாதிரி இருக்கும். பாட்டு ஆடவைக்கும். பாடகர் டிராவிஸ் மாரிசன். 1999-ல் வந்த அவர்களுடைய 'எமர்ஜென்சி அண்டு ஐ' ஆல்பத்துக்கு 'பிட்ச்ஃபோர்க்' என்ற இணைய இசைப் பத்திரிகை பத்துக்கு 9.6 கொடுத்தது. தசமப் புள்ளி வைத்து மார்க் போடுவது அவர்களின் ஸ்டைல்.

2003-ல் கோஷ்டி கலைந்தது. 2004 செப்டம்பரில் மாரிசன் தனியாக ஒரு ஆல்பம் போட்டார். பெயர் 'டிராவிஸ்தான்'. தன் பேரில் தானே ஒரு நாடு! அதில் அங்கங்கே நாலு குட்டிப் பாட்டுகள். 'என்னை இந்தக் காசிலிருந்து இறக்கிவிடுங்கப்பா' என்று காசில் இருக்கும் தலைவர்கள் புலம்புகிற தினுசில்.

"பிட்ச்ஃபோர்க் அதுக்கு எவ்வளவு போட்டாங்க தெரியுமா? 0.0!"

"பாயின்ட்டுக்கு அப்புறமும் சைபரா?"

"சந்தேகம் வரக்கூடாதுன்னு."

எழுந்து நடந்தோம். டைடல் பேசின் ஏரியைச் சுற்றி செர்ரி மரங்கள் பூத்துத் தள்ளியிருந்தன. கூட்டம் தி.நகர் ரங்கநாதன் தெரு கணக்கில். ரூஸ்வெல்ட் நினைவிடம் 1997-ல் திறந்தது. போலியோவால் கால் செயல்படாத மனிதர். அவர் சக்கர நாற்காலியில் இருப்பது தெளிவாகத் தெரியும் சிலையை, 2001-ல்தான் வாசலில் சேர்த்தார்கள். ஒரு மனிதரை முழுசாகப் பார்க்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, பாருங்கள்.

"விமர்சகருக்குப் பிடிக்கலை, சைபர் போட்டார். ரசிகர்களுக்கு என்ன வந்தது?" என்றேன்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுதான் கதையே. ஒரே ராத்திரியில மாரிசனைப் பார்க்கிற பார்வையே மாறிப்போச்சு. காலேஜ் ரேடியோ சிலதுல அந்த ஆல்பத்தைப் போடமாட்டேன்னுட்டாங்க. அதை விடு. நான் என்ன பண்ணேன் தெரியுமா?"

"என்ன பண்ணே?"

"வந்த வாரமே வாங்கினேன். ரெண்டு தடவை முழுசாக் கேட்டேன். சில பாட்டு இழுவை, சிலது பிரமாதம். காசுப் பாட்டுக்குத் தனியா உக்காந்து சிரிச்சேன். அப்புறம் அந்த சைபரைப் படிச்சேன். சி.டி.யை எடுத்து அலமாரியில வெச்சவன், மூணு வருஷம் தொடலை. எனக்குப் பிடிச்சிருந்ததுன்னு யார்கிட்டயும் சொல்லலை. மச்சி, வெக்கமா இருந்துச்சுடா."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தோள்பை கனத்தது.

ஜெஃபர்சனை அவர் மண்டபத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, 555 அடி வாஷிங்டன் தூணை அண்ணாந்து பார்த்து, நாலு காசையும் முடித்தோம். பிறகு மெட்ரோவின் பச்சை லைனில் யு ஸ்ட்ரீட். ட்யூக் எலிங்டன் வளர்ந்த வட்டாரம். 1958-லிருந்து இருக்கிற 'பென்ஸ் சில்லி பௌல்' கடையைத் தாண்டி நடந்தால், வி ஸ்ட்ரீட்டில் '9:30 கிளப்'. எஃப் ஸ்ட்ரீட்டில் 930-ஆம் நம்பர் கட்டடத்தில் ஆரம்பித்ததால் அந்தப் பெயர். 1996-ல் இங்கே மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. கிண்டி தியேட்டர் போல ஜிகினா எதிர்பார்த்துப் போனேன். கோடவுன் மாதிரி இருந்தது.

"2003 செப்டம்பர் 1. கோஷ்டியோட கடைசிக் கச்சேரி இங்கதான். உள்ளே நின்னேன்" என்றான் நண்பன். கோயில் வாசலில் நிற்பவன் முகம்.

"அப்புறம் மாரிசன் என்ன ஆனார்?"

2007-ல் இன்னொரு ஆல்பம் போட்டார். 2009-ல் 'இசைக்கு முழுக்கு' என்று அறிவித்துவிட்டு, நம்மைப் போல கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை பார்த்தார். 2011-ல் 'எமர்ஜென்சி அண்டு ஐ' மறுபடி இசைத்தட்டாக வந்தது. அதே பிட்ச்ஃபோர்க் இந்த முறை 10.0 போட்டது. கோஷ்டி மறுபடி சேர்ந்து மேடை ஏறியது. அதே தொண்டை. ஒரு பக்கம் பத்து, ஒரு பக்கம் சைபர்.

ஓரமாக நின்று ஆளுக்கொரு இயர்போனைக் காதில் செருகி 'டிராவிஸ்தான்' கேட்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாம் பிடிக்கவில்லை. ரெண்டு பாட்டில் ஆள் பாடுகிறாரா, பிரசங்கம் பண்ணுகிறாரா என்று புரியவில்லை. ஆனால் காசுப் பாட்டு வந்தபோது, ரோட்டில் நிற்கிறோம் என்பதை மறந்து சிரித்தேன். ஒருவனைச் சிரிக்கவைத்த பாட்டுக்கு 0.0 எப்படி வரும்? கணக்கு உதைக்கிறதே!

"விமர்சகர் மேல இப்பவும் கோவமா?"

"அவர் கேட்டுட்டுத்தான்டா போட்டார். அது அவர் காது. கேட்ட பிறகும் என் காதை நம்பாதவன் நான். என் மேலதான் கோவம்."

அன்று ராத்திரி ஓட்டல் அறையில் அப்ரைசல் ஃபாரத்தைத் திறந்தேன். வழக்கமாக முதலில் நம்பர் போடுவேன். காரணம் அப்புறம் தானாக வரும். அன்றைக்கு நம்பரைக் காலியாக விட்டு, அந்தப் பையன் ஒரு வருஷத்தில் என்னென்ன செய்தான் என்று எழுத உட்கார்ந்தேன். யாரும் தொடாத பழைய ரிப்போர்ட்டைச் சரிசெய்தது அவன்தான். தீபாவளிக்கு முந்தின ராத்திரி சர்வர் படுத்தபோது போனை எடுத்தவனும் அவன்தான். எழுதி முடித்துப் படித்தேன். 'ஒன்று' போடக் கை வரவில்லை. மூன்று போட்டேன். எட்டுப் பேரில் யாருக்கும் ஒன்று இல்லை. மறுநாளே ஃபாரம் திரும்பி வந்தது, 'விதிப்படி சரிசெய்யவும்' என்று. அப்படியே திருப்பி அனுப்பினேன். அந்த வருஷம் என் மார்க்கில் ஒன்று குறைந்தது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

கொசுறுத் தகவல் ஒன்று. ஒரு சென்ட் காசு அடிக்க 3.69 சென்ட் செலவானதாம். கட்டுப்படியாகவில்லை என்று, புழக்கத்துக்கான கடைசிக் காசை 2025 நவம்பர் 12-ல் பிலடெல்பியாவில் அடித்து முடித்துவிட்டார்கள். பழைய காசு செல்லும், புதுசு கிடையாது.

செய்தியைப் படித்ததும் நண்பனுக்குப் போன் போட்டேன். "டேய், லிங்கனைக் காசிலிருந்து இறக்கிட்டாங்கடா!"

அந்தப் பக்கம் பதில் இல்லை. டிராவிஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமாக.