அன்புக்கு ஒரே பெயரா?

சிறுமி ஒருத்தி என்னைக் கேள்வி ஒன்று கேட்டாள். கேட்டவளுக்கு அகவை பதினான்கு. கேட்கப்பட்ட எனக்கோ அறுபதுக்கு மேல். ஆயினும் விடையின்றி விழித்தவன் நான்தான்!

நொய்யல் கரையிலே உள்ள எங்கள் சிற்றூர்ப் படிப்பகத்தில், ஞாயிறுதோறும் மாலையில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவது என் வழக்கம். அன்று படித்தது காதல் கதை. பையன்கள் தமக்குள் சிரித்தனர். பெண்கள் தலை குனிந்தனர். அவள் மட்டும் நிமிர்ந்து கேட்டாள்: "ஏனுங்க ஐயா, ஒரு பையனும் ஒரு பொண்ணும் கடைசி வரைக்கும் சிநேகிதமாவே இருக்கிற கதை ஒண்ணுகூட இல்லீங்களா?"

"அடுத்த வாரம் சொல்கிறேன், அம்மிணி" என்றேன். வீடு திரும்பினேன். உறக்கம் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாக மூடிக் கிடந்த கதவு ஒன்றை அந்தச் சிறுமி திறந்து விட்டிருந்தாள்.

1974ஆம் ஆண்டு. பஞ்சாலைத் தொழிலாளியின் மகனாகிய நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன். உடன் படித்தவள் ஒருத்தி, என்னினும் கெட்டிக்காரி. கிளை நூலகத்தில் எனக்கு உறுப்பினர் அட்டை இருந்தது; அவளுக்கு இல்லை. பெண் பிள்ளைக்கு நூலகம் எதற்கு என்பது அவள் வீட்டார் வாதம். நான் எடுத்துவரும் நூலை முதலில் அவள் படிப்பாள். பிறகு நான் படிப்பேன். கதையைப் பற்றிக் கடுமையாகச் சண்டையிடுவோம். அவ்வளவுதான்! அதற்கு மேலும் ஒன்றுமில்லை; அதனினும் குறைவாகவும் இல்லை.

ஒருநாள் அந்த நூல் அவள் தமையன் கையில் சிக்கியது. உள்ளே என் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: "முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு?" கதையின் முடிவைப் பற்றித்தான் எழுதினேன், அதுவே அவள் படிப்பின் முடிவாயிற்று!

தெருவில் என்னை நிறுத்தி அவன் கேட்டான்: "அவள் உனக்கு யாருடா?"

நான் வாய் திறக்கவில்லை. அச்சத்தால் மட்டுமா? இல்லை. அந்த உறவைக் குறிக்க என்னிடம் சொல் இல்லை. 'தங்கை' என்றால் பொய். 'காதலி' என்றாலும் பொய். 'தோழி' என்று சொல்லலாம் என எனக்கு எந்தக் கதையும் கற்றுத் தந்திருக்கவில்லை. என் மௌனத்தை அவன் ஒப்புதல் என்று கொண்டான். எனக்குக் கிடைத்தவை நான்கு அறைகள். அவளுக்குக் கிடைத்தது ஆறே திங்களில் ஒரு கட்டாயத் திருமணம். நான் மேலே படித்தேன். அவள் படிக்கவில்லை. இந்தக் கணக்கு இன்றளவும் தீரவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர், தோழர்களே! 2015 ஜூன் 23. திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி இளைஞர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பேசியது குற்றமாயிற்று! கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். 2022இல் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆணும் பெண்ணும் ஓருடல் என்று காட்டும் சிலை உள்ள கோயில் அது. கல்லிலே சேர்ந்திருந்தால் கைகூப்புகிறார்கள்; கண்ணெதிரே பேசினால் கழுத்தை அறுக்கிறார்கள்!

அவர்கள் நண்பர்களா, காதலர்களா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். காதலர்களே ஆயினும் கொல்ல எவனுக்கு உரிமை? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கர், கௌசல்யாவை முறைப்படி மணந்தவர் அல்லவா? சாதி வெறிக்குக் காதலும் பகை, மணமும் பகை, நட்பும் பகை. ஆணும் பெண்ணும் அருகருகே நின்றாலே அதற்கு ஒரே பெயர்தான் தெரியும். அந்தப் பெயருக்கு ஒரே தண்டனைதான் தெரியும்.

தமிழ் இப்படியா ஏழையாய் இருந்தது? தகடூர் அதியமானும் அவ்வையும் யார்? வேந்தன் ஒருவன், புலமைப் பெண் ஒருத்தி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவளுக்கு ஈந்தான். அதைக் காதல் என்று எவரேனும் கதை கட்டினரா? உடுமலைப் பக்கத்துக் குதிரைமலையே முதிரமலை என்பர். அதை ஆண்ட குமணன், வறுமையில் வாடிய புலவனுக்காகத் தன் தலையையே தர வாளை நீட்டினான். ஒருதலை விருப்பத்தைக் கைக்கிளை என்று தனியே பிரித்து, அன்பின் ஐந்திணையோடு சேர்க்காமல் வைத்தது தொல்காப்பியம். விரும்பாதவளை விரட்டி விரட்டி வெல்வதே காதல் என்று திரைப்படம் காட்ட, கைதட்டுகிறானே நம் இளைஞன், அவனுக்கு இந்தப் பிரிவினையை யார் சொன்னார்? 'மாட்டேன்' என்ற சொல்லையும் மதிப்பது அன்பின் ஒரு வடிவம் என்று எந்தக் கதையில் அவன் படித்தான்?

குற்றம் நம்மிடமும் உண்டு. சாதி மறுப்புத் திருமணத்திற்காக மேடை அமைத்தோம். 1967இல் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்டமே வந்தது. பெருமைதான். ஆனால் மணத்தில் முடியாத அன்புகளுக்கு நாம் எழுதிய கதைகள் எத்தனை? ஒத்த பாலினர் அன்பு குற்றமன்று என்று 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உரைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நம் படிப்பகத்தில் ஒரு பக்கமேனும் உண்டா?

"காதல் கதை படித்தால் பிள்ளைகள் கெடுவர்" என்கின்றனர் பெரியோர். ஐயா, நானும் அவளும் கதை படித்ததாலா கெட்டோம்? எங்களுக்கான கதை இல்லாததால் அல்லவா கெட்டோம்!

அடுத்த ஞாயிறு வந்தது. அவ்வையும் அதியமானும் பற்றிச் சொன்னேன். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் வரும், ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனையும் பண்ணைக்காரர் மகனையும் பற்றிச் சொன்னேன். அந்த நட்பைச் சாதி எப்படி அரிக்கிறது என்று பேசினோம். 'பூனாச்சி'யில் வெள்ளாட்டுக் குட்டியை வளர்க்கும் கிழவியைப் பற்றிச் சொன்னேன். இறுதியில், துண்டுச்சீட்டு வைத்த ஒருவனின் கதையையும் சொன்னேன். அவன் யார் என்று சொல்லவில்லை.

அந்தச் சிறுமி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்த அக்கா இதை எழுதியிருந்தா முடிவு வேற மாதிரி இருக்குமுங்களா?"

இம்முறையும் என்னிடம் விடை இல்லை. ஒரு குறிப்பேட்டை எடுத்து அவள் கையில் தந்தேன். தோழர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் குறிப்பேடுகள் இருக்கும். கொடுங்கள். எழுதட்டும். "அவள் உனக்கு யாருடா?" என்று கேட்பவன் நாளையும் தெருவில் நிற்பான். நம் பிள்ளைகள் என்னைப் போல் வாய்மூடி நிற்க வேண்டாம்.