பின்னால் உட்காரும் வித்தை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய்வந்த தம்பதிகளைச் சந்திக்கிறவர்கள், வழி எப்படி, வண்டி எப்படி, எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் கணவரிடமே விசாரித்துவிட்டு, மனைவியிடம் மட்டும் “முதுகு வலிக்கவில்லையா?” என்று ஒரு கேள்வி கேட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். பின்னால் உட்கார்ந்திருப்பதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு வித்தை என்பதும், மழை நாளில் வண்டி பாதையோடு போவதும் பாதையை விட்டு வழுக்குவதும் பல சமயங்களில் பின்னால் இருப்பவருடைய தேகத்தின் நிதானத்தைப் பொறுத்தவை என்பதும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பல வருஷங்களாக என் கணவருடைய புல்லட்டின் பின் இருக்கையில் அமர்ந்து தென்னாட்டின் மலைப் பாதைகளில் பிரயாணம் செய்துவருகிற எனக்கு, அந்த வித்தையைப் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதற்கு ஓர் உதாரணமாக, ஜூலை மாதத்தில் நாங்கள் உடுப்பியிலிருந்து ஆகும்பே மலை ஏறிய நாளை எடுத்துக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் இறங்கி, கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு, மங்களூர், உடுப்பி என்று வடக்கே போகிறவர்களுக்கு இடப்பக்கம் அரபிக்கடலும் வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் வழித்துணையாக வந்துகொண்டே இருக்கும். ஜூன் முதல் தேதியையொட்டிக் கேரளக் கரையில் இறங்குகிற தென்மேற்குப் பருவமழையும் இதே வழியாகத்தான் வடக்கே நகர்கிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று, செங்குத்தாக எழுந்து நிற்கும் மலைச்சுவரில் முட்டி, வேறு போக்கின்றி மேலே ஏறி, ஏற ஏறக் குளிர்ந்து, தன் சுமையில் பெரும்பகுதியை மலையின் மேற்கு முகத்திலேயே கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே வாழும் நமக்கு அந்த மாதங்களில் மிஞ்சுவது சாரல்தான். கரையோரத் தாழ்நிலத்தை நோக்கி 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மலையின் மேற்கு விளிம்பிலேயே அமைந்திருக்கிறது ஆகும்பே. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால், அந்தச் சிற்றூரில் பெய்வது 7,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையில் வந்து தீர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட மழையில் ஒதுங்கி நின்று, விட்ட பிறகு போகலாம் என்று நினைப்பதில் பிரயோஜனமில்லை. நனைந்துகொண்டே போவதற்கு வேண்டிய ஏற்பாடுகளோடுதான் புறப்பட வேண்டும்.

ஏற்பாடுகளில் முதலாவது உடை. மழைக் கால்சட்டையின் அடிப்பகுதி காலணிக்கு மேலே விழ வேண்டுமேயன்றி உள்ளே செருகப்படலாகாது; செருகினால் தொடையில் வழிகிற தண்ணீர் முழுவதும் காலணிக்குள் இறங்கித் தேங்கும். கையுறையும் அப்படியே, கோட்டின் கைக்குள் அடங்கியிருக்க வேண்டும். துப்பட்டாவும் முந்தானையும் மழைக்கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடைகூடத் தெரியக் கூடாது. பின்சக்கரத்தில் துணி சிக்குவது எவ்வளவு விபரீதமான காரியம் என்பதை அறிந்துதான், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், சக்கரத்தின் பாதியளவையாவது மறைக்கும் தடுப்பும் கட்டாயம் என்று சொல்கிறது. ‘சாரி கார்டு’ என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் அந்தத் தடுப்பை, அழகு கெடுகிறது என்று இளைஞர்கள் கழற்றி எறிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. நைலான் மழைக் கால்சட்டை ரெக்ஸின் இருக்கையில் நிலைகொள்ளாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருப்பவர் முன்னோக்கி வழுக்கி ஓட்டுகிறவர் முதுகில் போய் இடிப்பார். இடித்தால் பின்னால் இருப்பவருடைய பாரமும் சேர்ந்து ஓட்டுகிறவருடைய கைகளுக்கு வந்துவிடுகிறது. கைகள் விறைத்துப்போனால் ஹாண்டில்பார் பேச்சைக் கேட்காது. கடைகளில் கிடைக்கிற சாதாரண வலை உறையை இருக்கையின்மேல் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். மீதியை முழங்கால்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலை உடுப்பியை விட்டுப் புறப்பட்டபோது தூறலாக இருந்தது, மணிப்பால் தாண்டியதும் வலுத்தது. புது மழையின் முதற்கால் மணி நேரம்தான் பாதையில் அதிக அபாயமான நேரம். பல நாளாகச் சாலையில் சொட்டிப் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரில் மிதந்து மேலே வந்துவிடும். விடாமல் பெய்து கழுவிவிட்ட சாலையில் டயர் ஓரளவு நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் வெள்ளைக் கோடுகளும், பாலங்களின் இரும்பு இணைப்புகளும், சாலையோர மரங்கள் உதிர்த்த இலைகளும் எந்த மழையிலும் வழுக்கும். ஓட்டுகிறவர் அவற்றைக் குறுக்கே சாய்ந்தபடி கடக்காமல் வண்டியை நிமிர்த்திக் கடக்கப் பார்ப்பார். அப்படி அவர் நிமிர்த்துகிற க்ஷணத்தில் பின்னால் இருப்பவர் வேடிக்கை பார்க்கவென்று ஒருபக்கம் எட்டிப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும். ஏற்றம் இறைக்கிறவர்களில் மேலே மிதிப்பவருடைய காலும் கீழே சால் பிடிப்பவருடைய கையும் ஒரே கதியில் இயங்குவதைப்போல, வண்டியில் இருக்கிற இரண்டு தேகங்களும் ஒரே எண்ணத்தில் அசைய வேண்டும்.

பின் இருக்கையில் இருப்பவருக்குப் பாதை பாதிதான் தெரியும், ஆனால் ஓட்டுகிறவர் முழுமையாகத் தெரிவார். இதை நான் ஹெப்ரியைத் தாண்டிய பிறகு அன்று நன்றாக உணர்ந்தேன். என் கணவர் கியர் மாற்றுவது எனக்குச் சாதாரணமாகத் தெரியவே தெரியாது; அத்தனை லாவகம் அவருக்கு. அன்று திடீரென்று கிளட்ச் விடுபடும்போதெல்லாம் வண்டி ஒரு வெட்டு வெட்டியது, என் தலைக்கவசம் அவருடையதில் போய் ‘டக்’கென்று மோதியது. ஒருமுறை என்றால் பள்ளம் என்று விட்டுவிடலாம். அடுத்தடுத்து மோதியபோது அவருடைய விரல்கள் குளிரில் மரத்துவிட்டன என்பதை அவரைவிட முன்னதாக நான் அறிந்துகொண்டேன். முன்னால் இருப்பவர்தான் காற்றையும் மழையையும் நேருக்கு நேர் வாங்குகிறார். கையுறை நனைந்துவிட்டால் அந்தக் காற்றே விரல்களின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. மூளைக்கு அது தாமதமாகத்தான் எட்டுகிறது.

எங்களுக்குள் ஒரு நெடுங்கால ஏற்பாடு உண்டு: அவருடைய வலது தோளில் நான் இரண்டு தட்டுத் தட்டினால், காரணம் கேட்காமல், பத்திரமான முதல் இடத்தில் வண்டி நிற்க வேண்டும். மலையேற்றம் தொடங்குகிற சோமேசுவரத்தில் ஒரு தேநீர்க் கடைத் தாழ்வாரம் தெரிந்தது. தட்டினேன், நின்றார்.

“ஏங்க, கையைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்லம்மா, இன்னும் கொஞ்ச தூரந்தானே, ஏறிட்டா ஊர் வந்துடும்.”

கையுறையைக் கழற்றிப் பார்த்தால் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, கையுறையின் கருப்புச் சாயம் ரேகைகளில் கோடு கோடாக இறங்கியிருந்தது. தேநீர்க் குவளையை இரு கைகளாலும் சேர்த்துப் பிடித்தவர், அதன் சூடு தமக்கு உறைப்பதற்கே சற்று நேரமாயிற்று என்று பிற்பாடு சொன்னார். விரல்கள் தாமாக மடங்கி விரிகிற வரையில் அங்கேயே அமர்ந்திருந்துவிட்டு, பையில் காய்ந்த நிலையில் வைத்திருந்த மாற்றுக் கையுறையை அவருக்குக் கொடுத்தேன். மழைப் பிரயாணத்தில் மாற்றுச் சட்டையைவிட மாற்றுக் கையுறை அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சோமேசுவரத்திலிருந்து ஆகும்பேக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பெரிய பேருந்துகள் திரும்ப இடமில்லாத இறுக்கமான வளைவுகளாதலால் அங்கே சிறு பேருந்துகளே ஓடுகின்றன. அந்த ஏற்றத்தில், இருவர் பாரமும் பின்சக்கரத்தின்மேல் சாய்ந்து முன்சக்கரம் இலேசாகிவிடும். இலேசான சக்கரம் ஈரத்தில் திசை மாற்றச் சொன்னால் சட்டென்று கேட்காது. ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நான் இடுப்பை நகர்த்தாமல் மார்பை மட்டும் முன்னே கொண்டுபோய், பாதங்களை ஃபுட்ரெஸ்டில் அழுத்தி, வலப்பக்க வளைவானால் அவருடைய வலது தோளுக்கு மேலாகவும் இடப்பக்க வளைவானால் இடது தோளுக்கு மேலாகவும் பார்வையைச் செலுத்திவிடுவேன். பார்வை போகிற பக்கம் தேகமும் வேண்டிய அளவுக்குத் தானாகச் சாயும். அதற்கு மேல் பிரயத்தனம் தேவையில்லை. பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்வதுதான் புதிதாக அமர்கிறவர்களின் சுபாவம். அவர்கள் நிமிர நிமிர, ஓட்டுகிறவர் வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்த்தாக வேண்டும், ஈரச் சாலையில் சாய்வு மிஞ்சினால் டயர் பிடியை விட்டுவிடும். மேல் வளைவுகளில் ஒன்றில் பாறையிலிருந்து இறங்கிய ஓடை பாதையின் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அடியில் தார் தெரிகிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அவர் முதல் கியரில், ஒரே வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் கடந்தார். அந்தச் சில கஜ தூரமும் நான் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்.

எங்கள் வண்டி பழையது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். அதில் கிடையாது. அந்தச் சாதனம் பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், மெய்தான். பின்னால் இருப்பவர் முதுகில் வந்து விழுவதைத் தடுக்காது.

மேலே ஏறியபோது மூடுபனி ஊரை மறைத்திருந்தது. சூரியாஸ்தமனம் பார்க்கக் கூட்டம் கூடுகிற முகப்பில் அன்று எங்களுக்கு எதுவும் தென்படவில்லை. ஆர். கே. நாராயணின் மால்குடிக் கதைகளைச் சங்கர் நாக் தொலைக்காட்சிக்காகப் படமெடுத்தது இந்த ஊரில்தான். அதன் ஓட்டு வீடுகளில் ஒன்றில் இடம் கிடைத்தது. மலைநாட்டுக்காரர்கள் வெல்லமும் பாலும் சேர்த்துத் தருகிற கஷாயமும் கிடைத்தது. காலணிகளுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துவைத்தோம். பிறகு அவர் திண்ணையோரமாக வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தியபடியே நியூட்ரலில் வைக்க, நான் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்ற, மழை கழுவிவிட்ட சங்கிலிக்கு அவர் கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டார். அந்த வேலையை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தால் சங்கிலியில் செந்துரு கண்டுவிடும்.

தம்பதியாக மழைக்காலத்தில் மலை ஏறப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுகிறவருக்கு உயர்ந்த தலைக்கவசமும் உயர்ந்த மழை உடையும் வாங்கிவிட்டு, பின்னால் இருப்பவருக்குக் கைக்குக் கிடைத்ததைக் கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். இருவருக்கும் ஒரே தரத்தில் வாங்குங்கள். நிறுத்தச் சொல்லும் உரிமையையும் புறப்படுவதற்கு முன்பே பின்னால் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவச விஷயத்தில் ஓட்டுகிறவர் என்றும் உடன் வருகிறவர் என்றும் பேதம் பார்ப்பதில்லை.