குந்துகிற பிள்ளைக்கு

அளவெடுக்கப் பிள்ளையை நிற்க வைக்கிறோம். அது எங்கே நிற்கிறது?

குந்துகிறது. ஏறுகிறது. எறும்பு பார்க்க உட்கார்ந்தால் குதிகால் இரண்டும் தரையில் அப்பியிருக்கும். முட்டி காதுவரை வரும்.

குந்தும்போது பின்பக்கம் இழுபடும், முன்பக்கம் மடங்கும். முன்னும் பின்னும் ஒரே அளவில் வெட்டின டவுசர் அங்கேதான் கீழே இறங்குகிறது. பின்பீஸை இடுப்பில் 3-4 செ.மீ. ஏற்றி வெட்டு. டயப்பர் கட்டுகிற பிள்ளை என்றால் இன்னும் கொஞ்சம்.

கவட்டையில் நாலு தையலும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. கிழிவதும் அதே இடம். அங்கே ஒரு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துவிட்டால் முட்டுகிற இடமே இல்லை. பழைய பைஜாமாக்களில் இருக்கும். சம்மணம் போட்டு உட்காருகிறவர்களுக்காகத் தைத்தவை.

முட்டிக்கு ஒட்டுத்துணி. கால் தையலை மூடுவதற்கு முன்பே, துணி தட்டையாகக் கிடக்கும்போதே. மூடிவிட்டால் அந்தச் சின்னக் குழல் மிஷினுக்குள் போகாது.

தேய்வது முட்டியின் நடு அல்ல. சற்றுக் கீழே. பிள்ளை தவழ்ந்து தேய்ந்த டவுசரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

திருப்பூர் காதர்பேட்டையில் கிடைக்கிற பனியன் துணி. ஒரு பக்கம் நன்றாக நீளும், மறுபக்கம் அவ்வளவாக இல்லை. நீளும் பக்கம் உடம்புக்குக் குறுக்கே வர வேண்டும். மாற்றி வெட்டினால் தலை நுழையாது.

நனைத்துக் காயவைத்துத்தான் கத்தரிக்கோலை எடுக்கணும். பருத்தி சுருங்கியே தீரும்.

வீட்டில் இருப்பது நேர்தையல் மட்டும் போடுகிற பழைய மிதி மிஷின். பனியன் துணி இழுபடும்போது துணி நீளும், நூல் நீளாது. பட்டென்று அறும். தைக்கும்போதே துணியை லேசாக இழுத்துப் பிடி. அந்த நீளத்துக்கும் நூல் ஓடிவிடும். ஊசி, முனை உருண்டதாக இருக்கட்டும். இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும்.

இரண்டு வயதில் தலைச்சுற்றளவு 48 செ.மீ. பக்கம். கழுத்து அதில் பாதி. கழுத்துக்கு வெட்டினால் தலை மாட்டும், தலைக்கு வெட்டினால் தோள் நழுவும். இடது தோளைத் திறந்துவிட்டு இரண்டு பிரஸ் பட்டன்.

கைக்குழந்தைச் சட்டையின் தோளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மடிப்பு. அழகுக்கு என்று நினைத்துவிடுகிறோம். முதுகுவரை மலம் ஏறின நாளில் சட்டையைத் தலைவழியே எடுக்காமல் கால்வழியே இறக்க அது உதவும். யோசித்தவர் கட்டாயம் பிள்ளை வளர்த்தவர்.

அரைஞாண் கயிறு. எலாஸ்டிக்கும் அதுவும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தோல் சிவந்து தடிக்கிறது. கடை டவுசர் எதுவும் அரைஞாணை நினைத்துத் தைக்கப்படவில்லை.

"வளர்ற பிள்ள, லூசாவே தையிம்மா." அத்தை.

லூசு இடுப்பில் சரி. காலில் வேண்டாம். மாடிப்படியில் தன் டவுசரைத் தானே மிதிக்கும். கணுக்காலில் ரிப் பட்டி.

ஒரு வயதில் உயரம் 75 செ.மீ., இரண்டு வயதில் 87 பக்கம். ஒரே வருஷத்தில்! பட்டுப்பாவாடைக்கு உள்மடிப்புப் பிடிக்கிறோம், வருஷா வருஷம் பிரித்துவிடுகிறோம். தினப்படி டவுசருக்கு ஏன் இல்லை? பிரித்த இடத்தில் கோடு விழும். விழட்டும். போன தீபாவளிக்கு எவ்வளவு உயரம் என்று அந்தக் கோடு சொல்லும்.

ஐரோப்பாவில் விற்கும் பிள்ளை உடுப்புக்கு இஎன் 14682 என்று ஒரு தர விதி. 7 வயதுவரை கழுத்திலும் தலைமூடியிலும் இழுநாடா கூடாது. அமெரிக்காவில் 1996-லேயே எச்சரித்தார்கள். சறுக்குமரத்தில் நாடா சிக்கிக் கழுத்து இறுகிப் பிள்ளைகள் செத்துப்போனதால்.

நம் பாவாடை சட்டைக்கு முதுகில் நாடா, நுனியில் குஞ்சம். கடையில் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

சட்டை பட்டன். பிள்ளை அதை மெல்லும், இழுக்கும். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு குழாய் உண்டு, 31.7 மி.மீ. அகலம். பொம்மையிலிருந்து கழன்ற துண்டு அதற்குள் முழுசாக அடங்கினால் அந்தப் பொம்மை ஆகாது. வீட்டிலுள்ள பட்டன் டப்பா முழுக்க அடங்குகிற சாமான்தான்.

பை கட்டாயம் வேண்டும். புளியங்கொட்டை, சோடா மூடி, கல். மணலும். அடியில் கொசுவலைத் துண்டு வைத்துத் தைத்தாயிற்று. மணல் இறங்கிவிடும், கல் தங்கும்.

இடுப்புப் பட்டையில் முன்பக்கம் சிவப்புத் துணி ஒரு விரற்கடை. "செவப்பு வயித்துப் பக்கம்." இப்போது தானே மாட்டிக்கொள்கிறது. சில நாள் இரண்டு காலும் ஒரே குழலுக்குள். யாரும் ஓடிப்போய்ச் சரிசெய்யக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.