அத்திகிரிப் படிகளும் ஊன்றுகோலும்

காஞ்சி பிள்ளையார்பாளையத்தில் வாழ்நாளெல்லாம் தறிக்குழியில் அமர்ந்து மிதிபலகை மிதித்தவர்க்கு, முதுமையில் முழங்கால் நோவு வருவது வியப்பன்று. அத்தகையோர் வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வரும்போது, அத்திகிரியின் 24 படிகள் எதிரே நிற்கின்றன. காயத்ரியின் 24 எழுத்துகளே அப்படிகள் என்பர் பெரியோர். ஏற இயலாதவர் என் செய்வது?

கோலூன்றி வருவோர் இந்நகருக்குப் புதியவர் அல்லர். பார்வை இழந்து, திருவெண்பாக்கத்து இறைவன் அருளிய ஊன்றுகோலைப் பற்றியே கச்சிக்கு நடந்து வந்தார் சுந்தரர். ஏகம்பத்தில் இடக்கண் பெற்றார். கண்ணிழந்த கூரத்தாழ்வான் வரதனைத் துதித்ததும் இத்தலத்திலேதான்.

பொதுக் கட்டடங்களில் தடையற்ற வழி வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சாய்தளத்திற்குரிய கணக்கு எளிது: உயரம் ஒரு பங்கெனில் நீளம் பன்னிரு பங்கு. அரையடி உயர வாயிற்படிக்கு 6 அடிப் பலகை போதும். கல்லில் உளி படாமல், வேண்டும்போது இட்டு, பின் எடுத்துவிடலாம். சக்கர நாற்காலி தடையின்றி உள்ளே செல்லும். இச்சிறு உதவிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம், மனம்தான் வேண்டும்.

அத்திகிரியின் நிலை வேறு. படி ஒன்று அரையடி என்றே கொண்டாலும் 24 படிகளுக்கு 144 அடிச் சாய்தளம் தேவை. அந்தப் பழங்கற்றளிக்குள் அதற்கு இடமேது? சோளிங்கரில் 1,305 படிகளுக்கு மாற்றாக 2024இல் ரோப் கார் வந்தது. அது பெருமலை, அங்கே பொருந்தியது.

ஆயினும் வரதன் மலைமேலேயே இருந்துவிடுபவன் அல்லன். வைகாசிப் பிரம்மோற்சவத்தில் கருடன்மேல் ஏறி வீதிக்கே எழுந்தருளுகிறான்; திண்ணையில் அமர்ந்தபடியே முதியோர் கைகூப்புகின்றனர். 2019இல் அனந்தசரஸிலிருந்து வெளிவந்த அத்திவரதரோ, 48 நாள் கீழே வசந்த மண்டபத்திலேயே காட்சி தந்தார். கூட்டத்தின் நெருக்கடி சொல்லி முடியாது. எனினும் அந்த 24 படிகளை ஏற வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை.

மற்ற நாள்களில் பெருந்தேவித் தாயாரையும், மலையடியில் உறையும் அழகிய சிங்கரையும் மேலே ஏறாமலே சேவிக்கலாம். உடன் வந்தவர் மேலே சென்று துளசியோடு திரும்பும்வரை, முதற்படியருகே நாற்காலி ஒன்று இருந்தால் முதியவர் அமர்ந்து காத்திருப்பார்.