கட்டணம் கட்டினால் மட்டும் போதுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. ஏழை மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவ நினைக்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

அப்படிப்பட்ட மாணவர்களைக் கல்லூரியில் படிக்க வைக்க அகரம் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, தன்னார்வலர்கள் மாணவரின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான். கூரை ஒழுகுவதையும், அம்மாவின் நூறு நாள் வேலை அட்டையையும் மார்க் ஷீட் சொல்லாதே! நாமோ ஃபீஸ் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மெஸ் பில், பஸ் காசு, ரெக்கார்டு நோட்டு, மாற்றிக்கொள்ள இன்னொரு சுடிதார்... இவற்றுக்கு வழியில்லாமல் முதல் செமஸ்டரிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

ஃபீஸுக்கே வழியில்லாதவர்களுக்கு ஒரு தகவல்: குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்தால் பொறியியல் கவுன்சிலிங்கில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இது தெரியாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பணம் கொடுக்க முடியாதவர்கள், இந்த வாரம் உங்கள் தெருவில் உள்ள ஒரு பிள்ளையை அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.