வெறும் வயிற்றில் 168

கள்ளக்குறிச்சி. காலை எட்டு மணி. கச்சிராயபாளையம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகின்றன. ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களால் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு நிறைந்திருக்கிறது.

வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த அந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. துணைக்கு மகன். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, கையை முந்தானையில் துடைத்து நீட்டுகிறார். கொல்லை வேலையில் காய்த்துப்போன விரல். நர்ஸ் நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குத்துகிறார். தயங்கித் தயங்கித் திரண்ட சொட்டை ஸ்ட்ரிப் உறிஞ்சிக்கொள்கிறது. கருவியில் 5, 4, 3 என்று எண் இறங்குகிறது. பிறகு 168.

"ராத்திரி என்னத்த சாப்புட்ட?" மகன் குரலில் சூடு.

"ஒண்ணும் இல்லடா. சாயந்தரம் ரெண்டு வாய் சாமைக் கஞ்சி. அப்புறம் பச்சத் தண்ணிதான்." நர்ஸ் பக்கம் திரும்புகிறார். "சுகர் ஏறிடும்னு பயந்துதான் கண்ணு சாப்புடல."

வரிசை நீளம். ஆனாலும் நர்ஸ் கையிலிருந்ததைக் கீழே வைக்கிறார்.

"அம்மா பொய் சொல்லல தம்பி. இது ராத்திரி பூரா ஈரல் விட்ட சர்க்கரை."

அந்த அம்மா விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்க்கிறார். "குதிருல இருந்து அள்ளுற மாதிரியா?"

"ஆமாம்மா. பத்தலேன்னா அதுவே புதுசா செஞ்சுக்கும்."

நர்ஸ் சொன்னது அத்தனையும் உண்மை. உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜனாக மாற்றி, சுமார் 100 கிராம் வரை சேர்த்து வைக்கிறது. நாம் உறங்கும்போது மூளை பட்டினி கிடக்காமல் இருப்பது அதனால்தான். 60 கிலோ எடையுள்ளவரின் ஈரல் இரவில் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. கிளைக்கோஜனை 1857-ல் பிரித்தெடுத்துக் காட்டியவர் பாரிஸின் கிளாட் பெர்னார். ஈரலைக் குத்தாமல், காந்த ஒத்ததிர்வு முறையில் அந்த இருப்பை அளந்தார்கள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார். 1992-ல் வெளிவந்த அவர்களது ஆய்வில், உண்ணாதிருந்த சர்க்கரை நோயாளிகளின் ஈரலில் இருப்பு குறைவாக இருந்தது. ஆனால் அந்த ஈரல் புதிதாகச் செய்து வெளியே விட்ட சர்க்கரை அதிகம். இன்சுலின் தடுத்தாலும் அந்த ஈரல் முழுதாக அடங்குவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே அதை அடக்குவதுதான்.

இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் பயந்து பயந்து வயிற்றைக் காயப்போடுகிறார்கள்! எத்தனை வீடுகளில் கஞ்சி குடித்தவர்மேல் பழி விழுகிறது! எண்ணைச் சொல்கிறவர்கள் காரணத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் போதும் என்பதை இந்த நர்ஸ் காட்டிவிட்டார்.

மகன் குரல் தணிந்திருக்கிறது. "அப்ப ராத்திரி சாப்பாடு குடுக்கலாமா சிஸ்டர்?"

"குடுக்கணும் தம்பி. அளவா, நேரத்துக்குக் குடுக்கணும். டாக்டர் எழுதுற மாத்திரைய மட்டும் ஒரு வேளை கூட விட்றாதீங்க."