நஞ்சுக்கொடியைப் பார்த்தவள் சொல்கிறேன்

மாடு கன்று போட்ட வீட்டில் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "நஞ்சு விழுந்துருச்சா?" என்றுதான். அது விழும்வரை வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. விழுந்ததும் நாய் இழுக்காமல் எடுத்து, வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிட்டு வருவார்கள். ஆறேழு மாதத்தில் மாடு கன்றை வீசிவிட்டு நஞ்சும் தங்கிப்போனால், கன்று வீச்சு நோயோ என்று சந்தேகப்பட்டுக் கால்நடை டாக்டருக்கு ஆள் அனுப்புகிற விவரமும் நம் விவசாயிகளுக்கு உண்டு. கிருமி நஞ்சுக்கொடியில் இறங்கினால் கன்று தங்காது என்பது அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிந்ததல்ல. அதே வீட்டில் மாசமாக இருக்கிற மருமகளுக்கு நீர்க்கடுப்பு வந்தால் மட்டும், "வெறும் சூடுதானுங்க நர்சம்மா, ரெண்டு இளநி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்பார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவம் முடிந்ததும் வீட்டார் கண்ணெல்லாம் குழந்தை மேல் இருக்கும். எங்கள் கண் பேசினில் கிடக்கும் நஞ்சுக்கொடி மேல் இருக்கும். ஏறத்தாழ அரைக் கிலோ எடை, சாப்பாட்டுத் தட்டு அகலம். குழந்தைப் பக்கம் வழுவழுப்பாக, ரத்தக்குழாய்கள் புடைத்துத் தெரியும். தாய்ப் பக்கம் கருஞ்சிவப்பில், பதினைந்து இருபது மடல்களாகப் பிரிந்திருக்கும். அவற்றைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு துண்டு குறைந்தாலும் அது கர்ப்பப்பைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ரத்தப்போக்குக்கும், பிறகு வரும் காய்ச்சலுக்கும் அதுவே காரணமாகிவிடும். அடுத்து, பனிக்குடச் சவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்போம். நல்ல சவ்வு பளபளவென்று ஊடுருவித் தெரியும். கிருமி ஏறிய சவ்வு மங்கி, மஞ்சள் தட்டியிருக்கும். நல்ல நஞ்சுக்கொடிக்குப் பச்சை ரத்த வாடை மட்டும்தான். மூக்கைப் பிடிக்கிற நாற்றம் இருந்தால், தாய்க்கும் சேய்க்கும் காய்ச்சல் வருகிறதா என்று அன்று இரவு முழுக்கக் காவல்தான்.

தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் அங்கே கலப்பதில்லை. மெல்லிய திரைக்கு இருபுறமும் ஓடியபடியே பிராணவாயுவும் சத்தும் கழிவும் கைமாறுகின்றன. பெரும்பாலான கிருமிகளை அந்தத் திரை தடுத்துவிடும். தடுக்க முடியாதவையும் உண்டு. திரையையே சேதப்படுத்துபவையும் உண்டு. சில ரத்தத்தின் வழியாக வரும், சில கீழேயிருந்து மேலே ஏறும். இந்த இரண்டாவது வழியைத்தான் நம் வீடுகளில் சூடு என்று சொல்லி மூடிவிடுகிறார்கள்.

கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோனால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துவிடும். வளரும் கர்ப்பப்பை வேறு அவற்றை அழுத்தும். நீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். கர்ப்பிணிகளில் 100க்கு 2 முதல் 10 பேருக்கு எரிச்சல்கூட இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். கவனிக்காமல் விட்டால் அவர்களில் பலருக்கு அது சிறுநீரகம் வரை ஏறிவிடும். உடம்பு தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல், விலாவில் குத்தல், அடிவயிறு இறுகுதல், கடைசியில் மாதம் நிறையாத பிரசவம். ஆல்புமினும் சர்க்கரையும் பார்க்கிற யூரின் டெஸ்டில் இந்தக் கிருமி அகப்படாது. கல்ச்சர் டெஸ்டில்தான் தெரியும். எழுதித் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 7 நாள் மாத்திரை கொடுத்தால் 7 நாளும் போட வேண்டும். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றதும் "மாசமா இருக்கறப்ப மாத்திரை ஆகாது" என்று பரணில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்ன மாமியார்களே தங்கள் சுகர் மாத்திரையை ஒரு வேளை தவறவிட மாட்டார்கள், அது வேறு கதை.

இதில் பெண்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் காலை முதல் சாயங்காலம் வரை அரைப் பாட்டில் தண்ணீரில் ஓட்டுவார்கள். அதிகம் குடித்தால் கக்கூசுக்குப் போக வேண்டும். போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பிள்ளைக்கு நிறையத் தண்ணீர் குடி என்று நான் அட்டையில் எழுதிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நாற்றத்தோடு வெள்ளைப்படுவதை இன்னும் ரகசியமாக வைத்திருப்பார்கள். அந்தக் கிருமி கர்ப்பப்பை வாயைத் தாண்டினால் பனிக்குடச் சவ்வு புண்பட்டு, நாள் வருமுன்பே உடைந்துவிடலாம். முதலில் சவ்வு உடைந்து அந்த வழியில் கிருமி ஏறுவதும் உண்டு. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துகொள்ளும் ஆபத்தும் இப்படித் தொற்று ஏறியவர்களுக்குக் கூடுதல். ஆனால் நீர் கசிகிறதென்றால், "ஒண்ணுக்குத்தான் சொட்டுது போல" என்று துணி மடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் இருப்பார்கள். அது ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருந்து பார்க்கிற காரியமல்ல. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்ன நிறம், வாடை உண்டா என்று பார்த்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும்.

ரத்தத்தின் வழியாக வருவதற்குக் கொரோனாவையே சொல்லலாம். 12 நாடுகளில் இறந்தே பிறந்த, அல்லது பிறந்ததும் இறந்த குழந்தைகளின் 68 நஞ்சுக்கொடிகளை ஆய்ந்தபோது, சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. பல குழந்தைகளின் உடம்பில் வைரஸ் செய்த சேதம் பெரிதில்லை. பிராணவாயு வருகிற பாதை அடைபட்டதால் போனார்கள். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி அனுமதித்தது 2021 ஜூலையில். அதற்குப் பிறகும் அவர்களை வாசல்வரை அழைத்துவருவது பெரும்பாடாக இருந்தது.

பழைய எதிரி ஒன்று பாக்கி இருக்கிறது, சிபிலிஸ். ஊரில் மேகநோய் என்பார்கள். அந்தத் தாயின் நஞ்சுக்கொடி வழக்கத்தைவிடப் பெரிதாக, வெளிறி, கனத்துப் போயிருக்கலாம். குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். இத்தனைக்கும் முதல் செக்கப்பிலேயே விடிஆர்எல் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்தும் பழைய பென்சிலின் ஊசிதான். பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் போட்டுவிட்டால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் விடாமல் டெஸ்ட் எடுத்துத்தான், தாயிடமிருந்து சேய்க்கு சிபிலிசும் எச்ஐவியும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கியது இலங்கை.

இங்கே ரிசல்ட் வந்ததும் "இவளுக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்ட கணவன்மார்தான் அதிகம். கத்துகிறவரைக் கத்த விட்டு, "உட்காருங்க தம்பி, உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்" என்பேன். பலரும் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி நழுவப் பார்ப்பார்கள். சாவியை வாங்கி என் மேஜை மேல் வைத்துக்கொள்வேன். அவளுக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பினால், அவரிடமிருந்தே அவளுக்கு மறுபடி தொற்றி, எட்டாம் மாதத்தில் அது நஞ்சுக்கொடிக்குள் போய் உட்கார்ந்துவிடும்.